புதுப்பிப்பு: அப்பச்சியின் பல்வலி

கீழ்க் கடைவாய்ப்பல் எடுத்த பிறகு அப்பச்சிக்கு வலி குறையாமல் காதுவரை ஏறுகிறது என்று எழுதியிருந்தேன். காரைக்குடியில் டாக்டர் பார்த்துவிட்டார்: டிரை சாக்கெட். குழியை மூடியிருக்க வேண்டிய ரத்தக்கட்டி போய், எலும்பு வெளியே தெரிகிறது. பொதுவாகப் பல் எடுத்த 1 முதல் 3 நாளில்தான் இது தலைகாட்டுமாம்.

ஆத்தா வைத்த மிளகு ரசம்தான் காரணம் என்று சிலர் சொன்னீர்கள். பாவம் ஆத்தா! டாக்டர் முதலில் கேட்டது சிகரெட்டைப் பற்றித்தான். கீழ்ப்பல், சிரமப்பட்டு எடுத்த பல், கருத்தடை மாத்திரை இவையும் வாய்ப்பைக் கூட்டும். முதல் 24 மணி நேரம் வேகமாகக் கொப்பளிப்பது, ஸ்ட்ராவில் உறிஞ்சுவது கூடாது.

சலைனால் கழுவி, கிராம்பெண்ணெய் மணக்கும் மருந்து வைத்தார். வலி சட்டென்று தணிந்தது. சீழ் இல்லாததால் ஆன்டிபயாடிக் தரவில்லை. மருந்து மாற்ற மறுபடி போகணும்.