'செயலிகளின் வரிசை'க்கு மாற்றாக: செய்கைப்பந்தி

> 'செயலிகளின் வரிசை' என்றே இருக்கட்டுமே, பொருள் விளங்குகிறதல்லவா?

வணக்கம் ஐயா. ஒரு கணக்கில் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் எல்லாம் கலந்து வந்தால் எதை முதலில் செய்வது என்ற விதியைத்தான் (order of operations) 'செயலிகளின் வரிசை' என்கிறோம். அந்த 'வரிசை'தான் எனக்கு உறுத்துகிறது.

உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பள்ளி. கற்பித்தல் பயிற்சிக்கு வந்திருந்த பி.எட். மாணவரின் ஆறாம் வகுப்புப் பாடத்தைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கவனித்தேன். கரும்பலகையில் 20 − 8 + 5. எட்டையும் ஐந்தையும் சேர்த்து வட்டம் போட்டு, 13 என்று எழுதி, விடை 7 என்றார். பக்கத்தில் இருந்த சிறுமி, "இருபது ரூவாயில எட்டு செலவு, அஞ்சு வரவு. பதினேழுல்ல வரணும்?" என்று என் காதருகே கேட்டாள். அவள் சொன்னதே சரி. பிறகு விசாரித்தால், "போட்மாஸ்ல 'ஏ' முன்னாடி, 'எஸ்' பின்னாடிதானே சார்" என்றார் அவர். போட்மாஸ் (BODMAS) என்பது அடைப்பு, அடுக்கு (2³ போல), வகுத்தல், பெருக்கல், கூட்டல், கழித்தல் என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகள்; 'ஏ' கூட்டல், 'எஸ்' கழித்தல். அவரைக் குறை சொல்ல மாட்டேன். எழுத்துகளை வரிசையாக மனப்பாடம் செய்யவைத்தவர்கள் நாம்தான். அமெரிக்காவில் இதையே பெம்டாஸ் (PEMDAS) என்று, பெருக்கலை வகுத்தலுக்கு முன்னால் வைக்கிறார்கள். அதை அப்படியே பிடித்துக்கொண்டவர் 24 ÷ 4 × 2-க்கு 3 என்பார். சரியான விடை 12.

எழுத்து ஆறு இருந்தாலும் படி நான்குதான்: அடைப்பு, அடுக்கு, பிறகு பெருக்கலும் வகுத்தலும், கடைசியில் கூட்டலும் கழித்தலும். ஒரே படியில் இருப்பவற்றுக்குள் முந்தியது பிந்தியது கிடையாது. இடமிருந்து வலமாகச் செய்யவேண்டும். நம் ஊர்க் கல்யாண வீட்டுப் பந்தியும் இதுதானே! முதல் பந்தி எழுந்தால்தான் அடுத்த பந்திக்கு இலை விழும். ஒரே பந்தியில் உட்கார்ந்தபின் எல்லாரும் சமம். சாம்பார் வாளி ஓர் ஓரத்திலிருந்து வரும். இதைச் சொன்னதும் அந்தப் பயிற்சி ஆசிரியர் நோட்டில் நாலு கோடு போட்டு, பெருக்கலையும் வகுத்தலையும் ஒரே கோட்டில் உட்காரவைத்தார்.

'செயலி' என்றால் இன்றைய பிள்ளைக்குக் கைப்பேசியில் இருப்பதுதான் நினைவுக்கு வரும். இலங்கைப் பாடநூல்களில் வரும் 'கணிதச் செய்கை' நல்ல சொல். ஆகவே 'செய்கைப்பந்தி'. பெருக்கலும் வகுத்தலும் மூன்றாம் பந்தி என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

இலங்கை நண்பர்களுக்குப் பந்தி என்றால் எழுத்தில் வரும் பத்தி (paragraph) என்று தெரியும். கூட்டுச்சொல்லில் குழப்பம் வராது என நினைக்கிறேன். பங்க்தி என்ற வடசொல் வழி வந்தது என்பவர்களுக்கு: பந்தியில் உட்காராத தமிழர் யார்?

ஓரிடத்தில் மட்டும் உவமை இடறுகிறது. 2-க்கு அடுக்கு 3, அந்த 3-க்கு அடுக்கு 2 என்று வந்தால், இடமிருந்து வலமாக அல்ல, மேலிருந்து இறங்கவேண்டும். விடை 512, 64 அல்ல. இதற்கு என்ன பெயர் வைக்கலாம்?