ஃபில் இன், ஃபில் அவுட், ஃபில் அப்: படிவத்துக்கு எது சரி?

வணக்கம். ஆங்கிலத்தில் நன்றாக எழுதுபவர்கள் கொஞ்சம் உதவுங்கள். நாளைக் காலைக்குள் பதில் கிடைத்தால் பெரிய உபகாரம்.

அலுவலகத்தில் புதிதாகச் சேருபவர்களுக்கு ஒரு குறிப்பு எழுதினேன். 'ப்ளீஸ் ஃபில் அப் தி ஃபார்ம்' என்று தொடங்கியிருந்தேன். லண்டன் கிளையில் இருப்பவர் 'அப்'பை அடித்து 'இன்' போட்டார். அமெரிக்காவில் இருப்பவர் அதையும் மாற்றி 'அவுட்' ஆக்கினார்.

தேடிப் பார்த்ததில், படிவத்துக்கு பிரிட்டிஷ் வழக்கு ஃபில் இன், அமெரிக்க வழக்கு ஃபில் அவுட் என்று புரிந்தது. ஆனால் பெயர், தேதி போன்ற ஒற்றை விவரம் என்றால் அமெரிக்கர்களும் ஃபில் இன் என்றுதான் எழுதுகிறார்கள். ஃபில் அப் என்றால் அவர்கள் காதில் பெட்ரோல் டேங்க்தான் விழுகிறது. வங்கிச் சலான் முதல் ரயில் முன்பதிவுப் படிவம் வரை நாம் ஃபில் அப் என்றே சொல்லிப் பழகியவர்கள். இந்திய ஆங்கிலத்தில் அது ஊன்றிய வழக்கு, அதைத் தப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

'இட்' வந்தால் நடுவில்தான் வர வேண்டும், 'ஃபில் இட் இன்' என்று. அதில் குழப்பம் இல்லை.

மூன்று நாட்டவரும் படிக்கும் குறிப்பில் நீங்கள் எதை எழுதுவீர்கள்? 'கம்ப்ளீட் தி ஃபார்ம்' என்று போட்டால் பொதுவாக இருக்குமா, இல்லை ரொம்ப விறைப்பாகத் தெரியுமா? அப்புறம், ஒரே குறிப்பில் இன், அவுட் இரண்டும் வந்தால் உறுத்துமா?