முளைத்த மிளகாய், கத்தரி நாற்று சாய்கிறது. உரம் போடலாமா?

ஜெலுத்தோங் மாடிவீடு:
அக்கா, அண்ணன்மாரே, வணக்கம். ஐஸ்கிரீம் டப்பாவில் தேங்காய் நார்த்தூள் போட்டு மிளகாயும் கத்தரியும் விதைத்தேன். நன்றாகவே முளைத்தது. இப்போது தண்டெல்லாம் நூல் மாதிரி நீண்டு ஜன்னல் பக்கம் சாய்கிறது. ஒரு மூலையில் நாலைந்து நாற்று, அடித்தண்டு பழுப்பாகிச் சுருங்கிப் படுத்தே விட்டது. காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுகிறேன். பிளாஸ்டிக் மூடியை இன்னும் எடுக்கவில்லை. ஜன்னல் வடக்குப் பார்த்தது. கத்தரி விதை தைப்பிங்கில் அம்மா வைத்திருந்த செடியிலிருந்து எடுத்தது, வேறு விதை இல்லை. உரம் போதவில்லையா? தங்கச்சிக்கு ஒரு வழி சொல்லுங்கள்.

நிபோங் திபால் நாற்றுப்பண்ணை:
தங்கச்சி, உரத்தைத் தொடாதீங்க. முதலில் அந்த மூடியை எடுங்க. முளைக்கும் வரைதான் மூடி வேண்டும்.

நான் செம்பனை (எண்ணெய்ப் பனை) நாற்றுப்பண்ணையில் வேலை பார்த்தவள். அங்கே கன்றுக்கு முதல் மூன்று மாதம் வலை நிழல், பிறகுதான் பெரிய பைக்கு மாற்றி வெயில். காய்கறி நாற்று அப்படி இல்லை, முளை தலைகாட்டிய அன்றே வெளிச்சம் கேட்கும். முளைப்பாரியை இருட்டறையில் வைத்தால் வெளிறி நெடுநெடுவென்று வருமே, உங்கள் டப்பாவிலும் அதேதான் நடக்கிறது.

படுத்துப்போனது வேறு சங்கதி, அது நாற்றழுகல். பித்தியம், ரைசோக்டோனியா மாதிரிப் பூஞ்சையும் பூஞ்சை போன்ற கிருமிகளும் மண் மட்டத்தில் தண்டைத் தின்றுவிடும். விழுந்தது பிழைக்காது. சுற்றியுள்ள நார்த்தூளோடு கரண்டியால் அள்ளிக் குப்பையில் போடுங்க. டப்பா அடியில் ஓட்டை இருக்கிறதா? இல்லையென்றால் இன்றைக்கே புதுக் கலவைக்கு மாற்றுங்க: நார்த்தூளோடு கருக்கிய நெல் உமி, பூச்செடிக் கடையில் மூட்டையாகவே கிடைக்கும். தூக்கும்போது வித்திலையை, அதாவது முளைத்ததும் முதலில் விரியும் இலையைப் பிடிங்க, தண்டை நசுக்கினால் நாற்று போச்சு. நீண்ட தண்டை வித்திலைக்குச் சற்றுக் கீழே வரை புதைக்கலாம், கத்தரி தாங்கும்.

இனி மேலே ஊற்ற வேண்டாம். தட்டில் தண்ணீர் விட்டு டப்பாவைப் பத்துப் பதினைந்து நிமிடம் வைத்து, மிச்சத்தைக் கொட்டிவிடுங்க. டப்பாவைத் தூக்கிப் பார்த்து லேசாக இருந்தால்தான் மறுபடியும். வித்திலைக்குப் பிறகு வருவதுதான் செடியின் சொந்த இலை. அது இரண்டு விரிந்த பிறகு, பாக்கெட்டில் போட்டிருப்பதில் கால் பங்கு அளவுக்குக் கரைத்து உரம் கொடுங்க.

பாயான் பாரு:
அக்கா சொல்வது சரி. ஜன்னலைப் பற்றி ஒன்று. பினாங்கில் ஏப்ரல் தொடக்கத்திலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை மத்தியான வெயில் வடக்கிலிருந்து வரும். இப்போது அக்டோபர், வெயில் தெற்கே போய்விட்டது, உங்கள் ஜன்னலுக்கு நேர் வெயில் ஏறக்குறைய கிடையாது. கிழக்குப் பக்கத் தாழ்வாரம் இருந்தால் அங்கே மாற்றுங்கள். நான் சமையல் பட்டைத்தூளும் தூவுவேன், பூஞ்சைக்கு எதிராக நல்லது.

நிபோங் திபால் நாற்றுப்பண்ணை:
தம்பி, பட்டைத்தூளை நம்பிக்கொண்டு ஈரத்தை விட்டுவிடக் கூடாது. காற்றோட்டமும் ஈரம் காய்வதும்தான் மருந்து. அடுத்த முறை விதைக்கும்போது டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சைத் தூள்) கிடைத்தால் கிலோ விதைக்கு 4 கிராம் கணக்கில் புரட்டி விதைக்கலாம். வீட்டு விதைக்கு ஒரு சிட்டிகை போதும்.

ஜெலுத்தோங் மாடிவீடு:
மூடியை எடுத்துவிட்டேன். டப்பாவில் ஓட்டையே இல்லை! நிற்கிற கத்தரியை இன்று சாயங்காலம் மாற்றுகிறேன். தாழ்வாரத்தில் சாயங்கால மழைச்சாரல் அடிக்கும், பரவாயில்லையா? வெண்டையும் இப்படியே நாற்று விடலாமா?

நிபோங் திபால் நாற்றுப்பண்ணை:
சாரல் படாமல் சுவரோரம் வைங்க, இந்த வயசுத் தண்டு ஒரு மழைக்குத் தாங்காது. முதலில் காலை வெயில் ஒரு மணி நேரம், பிறகு நாளுக்கு நாள் கூட்டுங்க. நாலைந்து சொந்த இலை வந்ததும் பெரிய சட்டி. அம்மா கத்தரியில் நல்ல செடி ஒன்றை விதைக்கென்றே விடுங்க, காய் மஞ்சளாகிப் பழுக்கும் வரை பறிக்காதீங்க. வெண்டைக்கு ஆணிவேர், இடம் மாற்றினால் முறுக்கிக்கொள்ளும். நேரே சட்டியிலேயே ஊன்றுங்க.