திண்ணை வீடா, தெருவா? எதிர்வீட்டுக் கேமரா பஞ்சாயத்து

கேமரா இசக்கி: நேத்து ஒருத்தர் இங்கன எழுதியிருக்காரு: "எதிர்வீட்டு ஆளு சம்மதிக்காம வாசல்ல கேமரா மாட்டுனா குத்தம், சுப்ரீம் கோர்ட்டே சொல்லிட்டு." அதைப் படிச்ச மேலப்பாளையம் கஸ்டமர், பாதி வேலையில என்னை ஏணியை விட்டு எறங்கச் சொல்லிட்டாரு. எந்தத் தீர்ப்பு? எந்த வருசம்? சும்மா அடிச்சு விடப்பிடாது.

குறுக்குத்துறை குமாஸ்தா: எழுதினது நான்தான். பேரைச் சொல்லியே கேளும். 31 வருசம் வக்கீல் ஆபீஸ்ல கேஸ் கட்டு சுமந்தவன் நான். 2025 மே மாசம். கல்கத்தாவுல அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கு ஒரே பூர்வீக வீடு. ஒருத்தர் வீட்டுக்குள்ள கேமரா மாட்டிட்டாரு. கூட இருக்கவன் சம்மதிக்காம குடியிருக்கிற பகுதியில கேமரா கூடாதுன்னு அங்க ஹைகோர்ட் சொல்லிச்சு. சுப்ரீம் கோர்ட் அதுல தலையிட மாட்டேன்னுட்டு. போதுமா?

கேமரா இசக்கி: அண்ணாச்சி, அது வீட்டுக்குள்ள. நான் மாட்டுனது வீட்டுக்கு வெளிய, தெருவைப் பாத்து.

குறுக்குத்துறை குமாஸ்தா: தெருவைப் பாத்தா, எதிர்வீட்டுத் திண்ணையைப் பாத்தா? அதைச் சொல்லும் முதல்ல. திண்ணை வீட்டுல சேத்தி.

கேமரா இசக்கி: திண்ணை தெருவுல சேத்தி. வழிப்போக்கன் உக்காரத்தானே கட்டுனாவ?

குறுக்குத்துறை குமாஸ்தா: வழிப்போக்கன் உக்காந்தா பத்திரம் அவன் பேருக்கு மாறிருமா? கிரயப் பத்திரத்துல திண்ணைக்கும் சேத்துத்தான்வே அளவு போடுவாவ. தீர்வை கட்டுறவன் யாரு? மழை பேஞ்சு திண்ணை இடிஞ்சா கொத்தனாருக்குக் கூலி குடுக்கவன் யாரு?

பாளை பஸ் ஸ்டாண்டு: எங்க தெருவுல பாதித் திண்ணை சாக்கடை மேலதான் இருக்கு. அதுக்கும் பத்திரம் இருக்கா அண்ணாச்சி? 😄

குறுக்குத்துறை குமாஸ்தா: ஆக்கிரமிப்பைப் பத்தி யாரும் பேசல. கூறுகெட்டுப் பேசப்பிடாது.

முக்கூடல் மகள்: நான் ஒண்ணு கேக்கலாமா? எங்க அம்மா திண்ணையிலதான் சொளவை வச்சுப் பீடி சுத்துதா. எதிர்ல போன மாசம் கேமரா வந்துட்டு. அவ காலை நீட்டி உக்காந்திருந்ததை எடுத்து, தெரு வாட்ஸ்அப் குரூப்புல போட்டுச் சிரிச்சிருக்காவ. இதுக்குச் சட்டம் என்ன சொல்லுது?

கேமரா இசக்கி: தங்கச்சி, போட்டது தப்பு. ஆனா கேமரா மாட்டுனது தப்பில்ல. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்துலயே இருக்கு: தனிமனுசன் தன் சொந்தத் தேவைக்கு, வீட்டுத் தேவைக்கு எடுக்கிறதுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. நான் படிச்சிருக்கேன். எல்லாருக்கும் ஏணி ஏறத்தான் தெரியும்னு நினைக்காதீங்க.

முக்கூடல் மகள்: குரூப்புல போட்டுச் சிரிக்கிறது வீட்டுத் தேவையா?

குறுக்குத்துறை குமாஸ்தா: அதைத்தான் நானும் கேக்கேன். திண்ணை வீடுன்னு ஒத்துக்கிட்டா இந்தக் கேள்வியே வராது. 2017 ஆகஸ்ட் 24, புட்டசாமி வழக்கு. 9 நீதிபதிகள், ஒருத்தர்கூட மாறுபடல. அந்தரங்கம் அடிப்படை உரிமைன்னு தீர்ப்பு. வழக்குப் போட்டவரு கர்நாடகா ஹைகோர்ட்டுல இருந்து ரிட்டயர்டு ஆன நீதிபதி. அடிச்சு விட்டதா இது?

கேமரா இசக்கி: அது ஆதார் கேஸ். அரசாங்கத்து மேல போட்டது. அதுல திண்ணைங்கிற வார்த்தை எந்தப் பக்கத்துல வருது?

குறுக்குத்துறை குமாஸ்தா: ஏல, சட்டத்துல ஒவ்வொரு சாமானையும் பேரு சொல்லி எழுதுவாவளா?

கேமரா இசக்கி: ஏலன்னு கூப்பிடாதீரும். எனக்கு 42 வயசு.

தாமிரபரணித் தண்ணி: ரெண்டு பேரும் நிறுத்துங்க. தெருக் கேமராவுக்கு இம்புட்டுச் சண்டை, போலீஸ் ஸ்டேஷன் கேமராவை ஒருத்தரும் பேசல. 2020ல நம்ம சாத்தான்குளத்துல என்ன ஆச்சு? போலீஸ் பிடிச்சுட்டுப் போன அப்பனும் மகனும் செத்தாவ. அந்த ஸ்டேஷன் கேமராவுல, ஹார்ட் டிஸ்க்குல இடம் கிடந்தும் தினமும் தன்னால அழியுற மாதிரி வச்சிருந்ததா மாஜிஸ்திரேட்டே அறிக்கை குடுத்தாரு. அதே டிசம்பர்ல எல்லா ஸ்டேஷன்லயும் கேமரா வைக்கணும், பதிவை 18 மாசம் வச்சிருக்கணும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிச்சு. நம்ம மேல கண்ணு வைக்கணும்னா கேமரா ஓடும், அவங்க மேலன்னா அழிஞ்சிரும்.

முத்துநகர் பயல்: சாத்தான்குளம் தூத்துக்குடி மாவட்டம். "நம்ம"வாம்!

தாமிரபரணித் தண்ணி: 1986 வரைக்கும் நீங்களும் திருநெல்வேலி ஜில்லாதான் தம்பி.

முத்துநகர் பயல்: அதான் பிரிஞ்சு வந்தோம். தென்காசியும் 2019ல போயிட்டு. இன்னும் பழைய பட்டாவையே பிடிச்சுட்டு இருங்க.

குறுக்குத்துறை குமாஸ்தா: மாவட்டப் பிரிவினையை வேற எங்கயாவது போய்ப் பேசுங்க. இசக்கி இன்னும் பதில் சொல்லல. 2023ல கேரளா ஹைகோர்ட் என்ன சொல்லிச்சு? பாதுகாப்புன்னு சாக்கு சொல்லி அடுத்த வீட்டை வேவு பாக்க விடக்கூடாதுன்னு சொல்லிச்சா இல்லையா? அடுத்த வீடுன்னா திண்ணையும் சேத்துத்தான்.

கேமரா இசக்கி: கேரளாவுல திண்ணையே கிடையாது அண்ணாச்சி.

முத்துநகர் பயல்: 😂😂

முக்கூடல் மகள்: ஐயா, திண்ணையை விடுங்க. இன்னொண்ணும் கேக்கணும். இலை வெட்டி, சுத்தி, நுனி மடக்கியே அம்மாவுக்கு விரல் ரேகை தேஞ்சுட்டு. ரேஷன் கடையில மிஷின் எடுக்கவே மாட்டேங்குது. மூணு நாள் நடந்தாச்சு. அவ விரலை அரசாங்கத்துக்கே அடையாளம் தெரியல. எதிர்வீட்டுக் கேமராவுக்கு மட்டும் அவ மூஞ்சி பளிச்சுன்னு தெரியுது.

பாளை பஸ் ஸ்டாண்டு: கருவிழி மிஷின் இருக்கான்னு கேளும்மா. எங்க கடையில அதுலதான் பாக்காவ.

குறுக்குத்துறை குமாஸ்தா: நல்ல கேள்வி. ஆதார் சட்டம் 29ஆம் பிரிவு: ரேகை, கருவிழியை எந்தக் காரணத்துக்காகவும் யாருக்கும் பகிரக்கூடாது. ஹைகோர்ட் நீதிபதி உத்தரவு போட்டாலும் அதைக் குடுக்க வழியில்ல. 2018 செப்டம்பர்ல 57ஆம் பிரிவையும் வெட்டி, தனியார் கம்பெனி ஆதார் கேக்கறதைத் தடுத்தாவ. ஆக, ரேகை பத்திரமா இருக்கு.

முக்கூடல் மகள்: பத்திரமாத்தான் இருக்கு. அரிசிதான் வரல.

தாமிரபரணித் தண்ணி: அண்ணாச்சி பாதிதான் சொல்லுதாரு. 2022ல குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம் வந்துச்சு. கைதானவன் ரேகை, கருவிழி எல்லாம் எடுக்கலாம், 75 வருசம் வச்சிருக்கலாம். அதுக்கு ஆதாரே வேண்டாம். நம்ம போலீஸ் 2021ல கொண்டுவந்த முகம் கண்டுபிடிக்கிற சாப்ட்வேரை 2024ல எவனோ ஹேக் பண்ணிட்டான். என்னத்தப் பத்திரம்?

குறுக்குத்துறை குமாஸ்தா: அது வேற சட்டம், இது வேற சட்டம். நான் பேசுறது திண்ணை.

தாமிரபரணித் தண்ணி: நீரு எப்பவும் இப்படித்தான். 2024 ஆனித் திருவிழாவுல நெல்லையப்பர் தேர் வடம் அறுந்தப்பவும், "நான் அப்பவே சொன்னேன்"னு நாலு நாள் எழுதினீரு. எப்ப சொன்னீருன்னு கேட்டதுக்கு இன்னைக்கு வரைக்கும் பதிலைக் காணோம்.

குறுக்குத்துறை குமாஸ்தா: சொன்னேன். டவுன்ல ஒரு டீக்கடையில சொன்னேன். சாட்சி இருக்கு.

கேமரா இசக்கி: தங்கச்சிக்கு மட்டும் ஒரு யோசனை. கேமரா படத்தைப் பதிவு பண்ணுற பெட்டி இருக்குல்லா, டிவிஆர், அதோட செட்டிங்ல பிரைவசி மாஸ்க்னு ஒண்ணு உண்டு. உங்க திண்ணை வர்ற இடத்துல கறுப்புக் கட்டம் போட்டுட்டா அந்த இடம் பதிவாகவே செய்யாது. அஞ்சு நிமிச வேலை. எதிர்வீட்டுக்காரர் ஒத்துக்கிட்டா நானே வந்து காசு வாங்காமப் போட்டுத் தாரேன்.

குறுக்குத்துறை குமாஸ்தா: பாத்தீங்களா! மறைக்கணும்னு அவரே சொல்லிட்டாரு. தெருவா இருந்தா எதுக்குவே மறைக்கணும்? திண்ணை வீடுதான்னு இசக்கி ஒத்துக்கிட்டாரு. எல்லாரும் குறிச்சு வச்சுக்கோங்க.

கேமரா இசக்கி: எங்க ஒத்துக்கிட்டேன்? உதவின்னு சொன்னேன்வே, உதவின்னு! இனிமே இந்த ஊர்ல ஒருத்தனுக்கும் நல்லது சொல்லப்பிடாது.

முக்கூடல் மகள்: எதிர்வீட்டுக்காரர் ஒத்துக்கல. "என் சுவரு, என் கேமரா"ங்காரு. அம்மா ஒரு வாரமா உள்ளதான் உக்காந்து சுத்துதா. உள்ள வெளிச்சம் காணாது. நேத்து ஆயிரம் முடியல, 700தான்.

குறுக்குத்துறை குமாஸ்தா: அதுக்குத்தான் சொல்லுதேன் தாயி, முதல்ல திண்ணை வீடுன்னு நிலைநாட்டணும். பத்திர நகலைப் போட்டோ எடுத்துப் போடு, நான் அளவு பாத்துச் சொல்லுதேன்.

முத்துநகர் பயல்: அந்தரங்கத்துக்குச் சண்டை போடுற ஆளு, பத்திரத்தைப் பொதுவுல போடச் சொல்லுதாரு. 🤣

குறுக்குத்துறை குமாஸ்தா: தனிச்செய்தியில அனுப்பச் சொன்னேன்.

முத்துநகர் பயல்: "போடு"ன்னுதான் இருக்கு. படம் பிடிச்சு வச்சிருக்கேன்.

குறுக்குத்துறை குமாஸ்தா: என் அனுமதி இல்லாமலா?