கல்யாணத்துக்கு முன் முகத்துக்கு லேசர்: மாடிப் பார்லரா, அண்ணா நகர் கிளினிக்கா, பெரம்பூர் டாக்டரா?

கல்மண்டபம்72

வணக்கம். தங்கைக்குத் தை மாதம் கல்யாணம். இப்போது ஆவணி, கையில் ஐந்து மாதம் இருக்கிறது. அவளுக்குக் கன்னத்தில் பருத் தழும்பு, குழி குழியாக. தாடையில் முடி, வாரத்துக்கு ஒருமுறை த்ரெடிங். லேசர் போட்டே ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். மூன்று இடம் விசாரித்தோம்.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுக்குப் பக்கத்தில் மாடியில் ஒரு பார்லர்: முடிக்கு ஆறு சிட்டிங் 8,000 ரூபாய். அண்ணா நகரில் பல கிளைகள் உள்ள ஒரு கிளினிக்: தழும்பும் முடியும் சேர்த்து 42,000, மாதத் தவணை உண்டு, உட்கார்ந்ததுமே காபி வந்தது. பெரம்பூரில் மாலையில் உட்காரும் தோல் டாக்டரம்மா: 500 ரூபாய் பீஸ் வாங்கிக்கொண்டு, "ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துக்கொண்டு வாங்க" என்று அனுப்பிவிட்டார். லேசர் பேச்சையே எடுக்கவில்லை. தங்கைக்கு அவர்மேல்தான் கோபம். எதை நம்புவது?

கலா_பியூட்டி

தண்டையார்பேட்டையில் பதினாறு வருடமாகப் பார்லர் வைத்திருக்கிறேன். அதனால் பார்லர் பக்கம்தான் பேசுவேன், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தம்பி, அண்ணா நகரில் உங்கள் தங்கை முகத்தில் லேசர் போடப்போவது யார் தெரியுமா? டாக்டர் இல்லை. என்னிடம் வேலை கற்றுக்கொண்டு போன பிள்ளைகள் இரண்டு பேர் அந்த மாதிரி கிளினிக்குகளில் வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறார்கள். டாக்டர் முதல் நாள் வந்து மூன்று நிமிடம் பார்ப்பார், அப்புறம் முழுக்க இந்தப் பிள்ளைகள்தான். அதே கை, அதே மிஷின். நடுவில் இருக்கும் 34,000 ரூபாய் வித்தியாசம் கண்ணாடிக் கதவுக்கும் காபிக்கும்தான். வடசென்னையை விட்டுப் பேசின் பிரிட்ஜைத் தாண்டினால்தான் நல்லது கிடைக்கும் என்று நம் ஆட்களே நினைப்பதுதான் எனக்கு எரிச்சல்.

ஓபி_சீட்டு

அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கடைசி ஆறு வருடம் தோல் ஓ.பி.யில் வேலை.

கலா சொல்வதில் பாதி உண்மை. டாக்டர் படம் வாசலில், டாக்டர் வேறு ஊரில், இந்தக் கூத்து நிறைய நடக்கிறது. ஆனால் அதற்கு மருந்து, டாக்டரே இல்லாத இடத்துக்குப் போவதா? கை பழகியது சரி, கொப்பளம் போட்டால் அந்தக் கை என்ன மருந்து எழுதும்?

தம்பி, நீங்கள் பார்க்க வேண்டியது பெயருக்குப் பின்னால் உள்ள எழுத்துகளை. தோலுக்கான மேற்படிப்பு என்றால் எம்.டி. டி.வி.எல்., அல்லது டிப்ளமோ, அல்லது டி.என்.பி. "காஸ்மெட்டாலஜிஸ்ட்" என்று மட்டும் போட்டிருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, ஆறு வாரம் படித்தவரும் போட்டுக்கொள்கிறார். பதிவு எண்ணைக் கேளுங்கள். தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில் இணையதளத்தில் அதைப் போட்டால் பெயர் வரும், மேற்படிப்பைப் பதிவு செய்திருந்தால் அதுவும் தெரியும். எண்ணைக் கேட்டதும் முகம் சுளிக்கிறார்களா என்று பாருங்கள், பாதி விஷயம் அங்கேயே முடிந்துவிடும். கிளினிக் என்றால் மருத்துவ நிறுவனங்களுக்கான 1997ஆம் வருடச் சட்டப்படி பதிவுச் சான்றிதழும் இருக்க வேண்டும். 2018இல் அதற்கு விதிமுறைகள் வந்தன. அழகு நிலைய லைசென்ஸ் வேறு, அது வேறு.

ஸ்கேன் எழுதிய டாக்டரம்மாமேல் தங்கைக்குக் கோபம் வேண்டாம். இருபது வயசுக்கு மேல் தாடையில் கெட்டி முடி வந்தால் சினைப்பையில் நீர்க்கட்டியா என்று பார்ப்பார்கள். அதைக் கவனிக்காமல் லேசர் போடுவது, குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற கதை.

கலா_பியூட்டி

சிஸ்டர், நீங்கள் சொல்கிற எழுத்துகளை எல்லாம் வாங்கியவர்கள் வடசென்னையில் எத்தனை பேர் உட்காருகிறார்கள்? உட்காருகிறவர்களும் மாலை ஆறு முதல் எட்டு. மணலியில் வேலை முடிந்து வருகிற பெண் அதற்குள் வந்து சேர முடியுமா? எங்களிடம் ஞாயிற்றுக்கிழமைகூட வரலாம். நாங்களும் ஒரு முகத்தை அந்தப் பெண் வயசுக்கு வந்ததிலிருந்து கல்யாணம் வரை பார்த்துக்கொண்டே வருகிறோம். எந்த டாக்டர் அப்படிப் பார்க்கிறார்?

வியாசர்பாடி_வித்யா

இதில் நான் பேசியே ஆக வேண்டும், ஏனென்றால் இரண்டு பக்கமும் என் கன்னத்தில் எழுதியிருக்கிறது.

மூன்று வருடம் முன்பு நகரின் அந்தப் பக்கம் ஒரு பெரிய கிளினிக். பெயர் வேண்டாம். முந்தின வாரம் முழுக்க வண்டியில் எண்ணூர் வரை மத்தியான வெயிலில் போய் வந்திருந்தேன், முகம் கருத்துக் கிடந்தது. வெயிலில் போனீர்களா, என்ன க்ரீம் போடுகிறீர்கள், ஒரு கேள்வி இல்லை. காதோரம் ஒரு புள்ளியில் போட்டுப் பார்த்து இரண்டு நாள் விடவும் இல்லை. படுக்க வைத்து ஆரம்பித்துவிட்டார்கள். முடி கருகும் வாடை வந்தது, "அது சகஜம் மேடம்". எரிகிறது என்றேன், அதுவும் சகஜம். மறுநாள் காலை கண்ணாடியில் பார்க்கிறேன், தாடையோரம் வரிசையாகச் சின்னச் சதுரங்கள், தாயக்கட்டம் கிழித்த மாதிரி. மிஷின் முனை எப்படி இருந்ததோ அப்படியே அச்சு.

போன் செய்தால் கற்றாழை தடவச் சொன்னார்கள். டாக்டர் புதன்கிழமை மட்டும்தான் வருவாராம், நான் போனது சனிக்கிழமை. அந்தக் கறுப்பு மங்க எட்டு மாதம் ஆனது. மங்க வைத்தது நம் பக்கத்துத் தோல் டாக்டர் ஒருவர்தான், அங்கே ஏசிகூடக் கிடையாது.

கலா_பியூட்டி

பார்த்தீர்களா! நான் என்ன சொன்னேன்?

வியாசர்பாடி_வித்யா

அக்கா, நீங்கள் சொன்னது பார்லருக்குப் போ என்று. நான் சொல்வது, அன்றைக்கு அந்த அறையில் டாக்டர் இருந்தாரா என்று. இரண்டும் ஒன்றில்லை.

லோகோ_ஒர்க்ஸ்

எல்லாரும் மன்னிக்கணும். எங்கள் அம்மா பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும் தேய்த்துத்தான் மணையில் உட்கார்ந்தார். இந்த வெள்ளைப் பைத்தியம்தான் இவர்களை எல்லாம் வாழ வைக்கிறது. எங்கள் தெருவில் ஒருத்தன் மாப்பிள்ளைக்கு "கலர் ஊசி" போடுகிறேன் என்று ஐந்து ஊசிக்கு 20,000 வாங்கியிருக்கிறான். லேசர் வேண்டாம், ஒன்றும் வேண்டாம் என்பதுதான் என் கட்சி.

வியாசர்பாடி_வித்யா

அண்ணா, ஊசி விஷயத்தில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் இவர்கள் கேட்டது கலரைப் பற்றி இல்லை. தாடையில் முடி வளர்கிற பெண், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் எந்தப் பக்கம் என்று பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வாள். உங்கள் அம்மாவின் மஞ்சளால் அதற்கு ஆகாது.

ஓபி_சீட்டு

அந்தக் "கலர் ஊசி" குளூட்டாதயோன். தோல் வெளுப்புக்கு என்று இந்தியாவில் அதற்கு அனுமதி இல்லை. போடுகிற இடத்தைக் கண்டால் மற்ற வேலைக்கும் அங்கே போகாதீர்கள், என் கணக்கில் அந்த ஒரு போர்டே போதும்.

வித்யா சொன்ன தாயக்கட்டம் எப்படி வருகிறது என்று சொல்கிறேன். லேசர் தேடிப் போவது கறுப்பு நிறமியைத்தான். முடி வேரில் இருக்கிற கறுப்பும் தோலில் இருக்கிற கறுப்பும் அதற்கு ஒன்றுதான். வெயிலில் கருத்த தோலில் போட்டால் தோலே சூட்டை வாங்கிக்கொள்ளும். நம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் 1064 நானோமீட்டர் அலைநீளம் உள்ள என்டி-யாக் என்ற லேசர் வகையில் பாதுகாப்பு அதிகம், அதன் கதிரை மேல்தோல் குறைவாகவே பிடிக்கும். டயோடு லேசரும் போடுகிறார்கள், பழகிய ஆள் சூட்டைக் குறைத்துவைத்துப் போட்டால் சரி. 755 நானோமீட்டர் அலெக்ஸாண்ட்ரைட் லேசர் வெளுத்த தோலுக்கு ஏற்றது. ஐ.பி.எல். என்பது லேசரே கிடையாது, ஃபிளாஷ் விளக்கு மாதிரி. அதையும் லேசர் என்றே சொல்லி விற்கிறார்கள். "உங்களிடம் இருப்பது எது, என் தோலுக்கு எந்த அளவில் வைப்பீர்கள்" என்று கேளுங்கள். "ஜெர்மன் மிஷின்" என்று மட்டும் பதில் வந்தால் எழுந்துவிடுங்கள்.

இன்னொன்று, இதை நிறையப் பேர் சொல்வதில்லை. கன்னத்துப் பூனைமுடியில் லேசர் போட்டால் சிலருக்கு முடி குறையாது, கூடும். முகத்திலும் தாடையோரத்திலும் இது நடக்கிறது, நீர்க்கட்டி உள்ள பெண்களுக்கு அதிகம். இந்த இடத்தில் போடலாம், இந்த இடத்தில் வேண்டாம் என்று விரலால் கோடு போட்டுக் காட்டுகிற ஆள்தான் எனக்கு வேண்டும். நான்கைந்து வாரத்துக்கு ஒரு சிட்டிங் வீதம் ஆறோ எட்டோ ஆகும். "நிரந்தரமாகப் போய்விடும்" என்றால் பொய், குறையும்.

மூலக்கடை_மோகன்

குறுக்கே ஒரு கேள்வி. என் மனைவிக்குக் கண்ணுக்குக் கீழே ஃபில்லர் (பள்ளத்தை நிரப்புகிற ஊசி) போடச் சலுகை வந்திருக்கிறது. அறுவை சிகிச்சை இல்லையே, வெறும் ஊசிதானே, அதற்கும் இத்தனை விசாரணையா?

ஓபி_சீட்டு

வெறும் ஊசி என்பதால்தான் பயம். ஃபில்லர் ரத்தக் குழாய்க்குள் போய்விட்டால் தோல் அந்த இடத்தில் வெளுத்து, அப்புறம் கருக்கும். அரிதாகப் பார்வையே போயிருக்கிறது. ஹயலூரானிக் ஆசிட் ஃபில்லரைக் கரைக்க ஹயலூரானிடேஸ் என்ற மருந்து உண்டு. "அது இப்போது உங்கள் ஃபிரிட்ஜில் இருக்கிறதா, காட்டுங்கள்" என்று கேளுங்கள். வாங்கி வரச் சொல்லலாம் என்றால், அந்த நேரத்தில் யார் ஓடுவது?

சுருக்கத்துக்குப் போடுகிற பாட்டாக்ஸ் ஊசியும் அப்படியே. குப்பியை உங்கள் எதிரில் திறக்க வேண்டும், பேட்ச் எண்ணும் தேதியும் நீங்கள் படித்துப் பார்க்க வேண்டும். 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்கிற சரக்கு அது. நேற்றே கலந்து ஊசியில் ஏற்றி வைத்ததை எடுத்து வந்தால் உள்ளே எத்தனை யூனிட் என்று யாருக்குத் தெரியும்? எல்லாம் சரியாக இருந்தாலும் மூன்று, நான்கு மாதம்தான் நிற்கும்.

மூலக்கடை_மோகன்

சலுகை நாளையோடு முடிகிறதாம். முடியட்டும்.

கலா_பியூட்டி

சிஸ்டர் பேசப் பேச நாங்கள் எல்லாம் கொலைகாரர்கள் மாதிரி ஆகிவிட்டது. ஒன்று கேட்கிறேன். 2016இல் இதே சென்னையில் முடி நடவு செய்துகொண்ட மருத்துவ மாணவர் ஒருவர் இறந்தாரே, அங்கே இருந்தவர்களும் டாக்டர்கள்தானே?

ஓபி_சீட்டு

டாக்டர்கள்தான். அந்த வேலைக்குப் படித்தவர்களா, அந்த இடத்தில் ஆபத்துக்கு வசதி இருந்ததா என்ற கேள்விதான் அப்போது ஊர் முழுக்கக் கேட்டது. கழுத்தில் ஸ்டெத் இருந்தால் போதும் என்று நான் எங்கே சொன்னேன்? முடி நடவு மாதிரி வேலைகளை யார் செய்யலாம், எங்கே செய்யலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் வழிகாட்டுதலே கொடுத்தது.

உங்களைத் திட்டவில்லை கலா. த்ரெடிங்கும் மேக்கப்பும் உங்கள் கை. எரிக்கிறதும் குத்துகிறதும் வேறு.

கல்மண்டபம்72

பத்து நாள் கழித்து வருகிறேன். மூன்று இடத்துக்கும் மறுபடி போனோம், சிஸ்டர் சொன்ன கேள்விகளைப் பேப்பரில் எழுதிக்கொண்டு.

மாடிப் பார்லரில் டாக்டர் பெயர் கேட்டோம். "டாக்டர் வீடியோ காலில் பார்ப்பார்" என்றார்கள். பெயர் மட்டும் கடைசிவரை வரவில்லை. அண்ணா நகரில் டாக்டர் இருந்தார், பதிவு எண்ணும் கொடுத்தார், தேடிப் பார்த்தேன், எம்.டி.தான். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் சிட்டிங் நேரத்தில் அவர் இருப்பாரா என்றால் "சீனியர் தெரபிஸ்ட் இருப்பார்". இன்றைக்கே 42,000 கட்டினால் 6,000 தள்ளுபடி, நடுவில் நிறுத்தினால் பணம் திரும்பாது என்று சின்ன எழுத்தில் இருந்தது. நான் படிக்கப் படிக்க அந்தப் பெண் பேனாவை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

பெரம்பூர் டாக்டரம்மாதான் ஆச்சரியம். ரிப்போர்ட்டைப் பார்த்தார், பிறகு தங்கையின் கன்னத்தை விளக்கடியில் வைத்துப் பார்த்து, "என்ன க்ரீம் போடுறே?" என்றார். ஒன்றுமில்லை என்றாள். மறுபடி கேட்டார். பையிலிருந்து எடுத்தாள். மெடிக்கலில் சீட்டு இல்லாமல் வாங்கிய டியூப், ஒரு வருடமாகப் போடுகிறாளாம், எனக்கே தெரியாது. ஸ்டீராய்டு கலந்ததாம், தோல் மெலிந்து நரம்பு மாதிரி சிவப்புக் கோடு தெரிகிறதே, அது அதனால்தானாம். இப்போது லேசரும் கிடையாது, ஆசிட் தடவித் தோல் உரிக்கிற பீலும் கிடையாது என்று சொல்லிவிட்டார். டக்கென்று நிறுத்தினால் முகம் கொதித்துவிடும் என்று வேறு மருந்து கொடுத்து, எட்டு வாரம் கழித்து வரச் சொன்னார். தழும்புக்குச் சின்னச் சின்ன ஊசியால் குத்துகிற மைக்ரோநீட்லிங் கல்யாணத்துக்குப் பிறகுதான், அதன் பலன் தெரியவே மாதக்கணக்காகுமாம். தாடைக்கு மட்டும், எல்லாம் சரியாக இருந்தால், தைக்கு முன் ஒன்றிரண்டு சிட்டிங். அதையும் தானே போடுவாராம், ஒரு சிட்டிங் 3,500.

தங்கை வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் அழுதாள்.

ஓபி_சீட்டு

சரியான டாக்டர். ஸ்டீராய்டு கலந்த பல தோல் க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இலேயே கொண்டுவந்தார்கள். விற்பனை என்னவோ நிற்கவில்லை. அந்த டியூப்பைத் தூக்கிப் போடாமல் டாக்டரிடம் கொடுத்துவிடுங்கள், பெயரைக் குறித்துக்கொள்ளட்டும். வித்யா, நீங்கள் அன்றைக்கே பில்லை வைத்து நுகர்வோர் ஆணையத்துக்குப் போயிருக்கலாம், நம் பக்கத்துக்குச் சென்னை வடக்கு என்று தனியாகவே இருக்கிறது.

வியாசர்பாடி_வித்யா

பில்லே கொடுக்கவில்லை சிஸ்டர். கையெழுத்துப் போட்ட ஒப்புதல் தாளிலும் நகல் கேட்கவில்லை. இரண்டு வருடக் கெடுவும் போய்விட்டது.

கலா_பியூட்டி

அந்தக் க்ரீம் போட்டு வருகிற பெண்கள் மாதத்தில் நான்கு பேர் என் நாற்காலியில் உட்காருகிறார்கள். ப்ளீச் போட்டால் துடிக்கிறார்கள், நான் தோல் சென்சிட்டிவ் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த விஷயத்தில் நான் ஒன்றும் பேச மாட்டேன். மற்றதில் என் பேச்சு அப்படியேதான்.

தம்பி, தங்கைக்கு மேக்கப் யார்? இன்னும் முடிவாகவில்லை என்றால் குழி தெரியாமல் நான் போட்டுத் தருகிறேன். ட்ரையலுக்குக் காசு வேண்டாம்.

ஓபி_சீட்டு

ட்ரையல் எட்டு வாரம் கழித்து வையுங்கள் கலா. ப்ளீச் வேண்டாம்.

கலா_பியூட்டி

தெரியும் சிஸ்டர்.