கிளவுட்டில் போட்ட படங்கள், காணி உறுதிகள், கணக்குகள்: நமக்கு நடந்தவை

கல்லடி, ஸ்டூடியோ

கலியாண வீடு, சாமத்திய வீடு, அம்மன் கோயில் சடங்கு என்று படம் பிடித்துக் கொடுப்பது என் தொழில். 2004 சுனாமியில் இந்த மட்டக்களப்புக் கரையோரத்தில் வீடுகளோடு ஆல்பங்களும் போயின. செத்துப்போன தகப்பனுடைய முகம் அடையாள அட்டையில் மட்டும்தான் இருக்கிறது, அதைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுத் தாருங்கள் என்று இன்றும் ஆட்கள் வருகிறார்கள். அதனால் இணையம் வழியாகப் படங்களைச் சிங்கப்பூரிலோ மும்பையிலோ உள்ள ஒரு கட்டடத்தில் வைக்கலாம், அதைத்தான் கிளவுட் என்கிறார்கள், நம் ஊர் வெள்ளம் அதைத் தொடாது என்று தெரிந்தபோது எனக்கு உண்மையிலேயே ஆறுதலாக இருந்தது.

ஆனால் வேறொரு விதமான இழப்பைப் போன வருடம் பார்த்தேன். அம்மா இங்கே, மகன் கனடாவில், இருவர் போனிலும் ஒரே கூகுள் கணக்கு. அம்மாவின் போன் நிறைந்துவிட்டது. மகன், "எல்லாம் கிளவுட்டில் இருக்குது அம்மா, போனில் இருக்கிறதை அழியுங்கோ" என்றிருக்கிறார். அம்மாவும் கூகுள் போட்டோஸ் செயலிக்குள்ளேயே போய் ஒவ்வொன்றாகத் தெரிவுசெய்து அழித்திருக்கிறார். அங்கே அழித்தால் கிளவுட்டிலும் அழியும், கனடாவில் இருக்கிற போனிலும் அழியும். குப்பைத் தொட்டியில் 60 நாள் கிடக்கும், அதற்குப் பிறகு இல்லை. அவர்கள் என்னிடம் வந்தபோது அந்த 60 நாள் எப்போதோ கடந்திருந்தது. கலியாணப் படங்களின் கொப்பி என்னிடம் இருந்தது, கொடுத்தேன். அம்மம்மா படுக்கையில் இருந்தபோது எடுத்த படங்களும் வீடியோக்களும் திரும்பக் கிடைக்கவில்லை.

போனில் மட்டும் இடம் எடுக்க வேண்டுமென்றால் அதே செயலியில் அதற்கென்று தனியே ஒரு தெரிவு இருக்கிறது. அது கிளவுட்டுக்குப் போய்ச் சேர்ந்த படங்களின் போன் கொப்பியை மட்டும் நீக்கும். இதை நான் இப்போது ஆல்பம் வாங்க வருகிற எல்லோருக்கும் கடையிலேயே போனை வாங்கிக் காட்டிக் கொடுக்கிறேன்.

என் வேலைக்கு நான் பிடித்திருப்பது மூன்று, இரண்டு, ஒன்று என்கிற முறை. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். இதைப் பரப்பியவர் பீட்டர் குரோக், அவரும் படப்பிடிப்பாளர்தான். ஒரு ஹார்ட் டிஸ்க் ஸ்டூடியோவில், இன்னொன்று செங்கலடியில் அக்கா வீட்டில், தெரிந்தெடுத்த படங்கள் கிளவுட்டில். ஒரு கலியாணத்தின் மூலக் கோப்புகள் முழுவதையும் நம் இணைப்பில் ஏற்ற நினைத்தால் நாள்கணக்காகும், டேட்டாவும் தாங்காது. இரவு நேர டேட்டாவில் ஜேபெக், அதாவது சுருக்கிய படக் கோப்புகள் மட்டும் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்கள்.

கல்முனை, கணக்கு எழுதுபவர்

அண்ணே, நான் ஒரு அரிசி ஆலைக்குக் கணக்குப் பார்க்கிறேன். அறுவடை முடிந்து நெல் வந்து குவிகிற நேரம் அது. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் எக்செல் கோப்பு ஒன்றும் திறக்கவில்லை, பெயர்களின் பின்னால் ஏதோ புதிய எழுத்துகள். கோப்புகளைப் பூட்டிவிட்டோம், திறக்க வேண்டுமென்றால் காசைப் பிட்காயினில் கட்டு என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதம். விவசாயிகளுக்குக் கொடுக்க வேண்டிய காசின் கணக்கு முழுக்க அதற்குள்தான் இருந்தது. முதலாளி, "கிளவுட்டில் இருக்குத்தானே" என்றார். பார்த்தால் அங்கேயும் அதே கோலம். கம்ப்யூட்டரில் இருக்கிற கோப்புறையும் கிளவுட்டும் இணைந்தே ஓடுவதால், கெட்டுப்போன கோப்பைத்தான் அது புதிய பதிப்பு என்று எடுத்து ஏற்றியிருக்கிறது.

முதல் வேலையாக இணைய வயரைக் கழற்றினோம். பிறகு வேறொரு சுத்தமான மடிக்கணினியில் உள்ளே போய், ஒவ்வொரு கோப்பிலும் பழைய பதிப்பை எடுத்தோம். எங்கள் கிளவுட்டான கூகுள் டிரைவ் இப்படியான கோப்புகளின் பழைய பதிப்புகளை 30 நாள், அல்லது 100 பதிப்பு வரை வைத்திருக்கும். மைக்ரோசாஃப்ட் சந்தா உள்ளவர்களுக்கு அவர்களுடைய கிளவுட்டான ஒன்டிரைவில் முழுக் கோப்புறையையும் கடந்த 30 நாளுக்குள் ஒரு நேரத்துக்குத் திருப்பி வைக்க முடியும். எங்களிடம் அது இல்லாததால் ஒவ்வொன்றாக. உறக்கமில்லை, ஆனாலும் கணக்கு வந்தது. ஒரு ரூபாயும் கட்டவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

அன்றே கண்டுபிடித்ததால் தப்பினோம். ஒரு மாதம் யாரும் திறக்காத கோப்புறையாக இருந்திருந்தால் பழைய பதிப்பும் போயிருக்கும். இப்போது வியாழன் பின்னேரம் ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கொப்பி எடுத்து, உடனே கழற்றி அலுமாரியில் வைக்கிறோம். கழற்றி வைப்பதுதான் முக்கியம். செருகியே இருந்தால் அதையும் சேர்த்துப் பூட்டிவிடுவார்கள்.

களுவாஞ்சிகுடி, கம்யூனிகேஷன் கடை

இரண்டு பேரும் எழுதியதை வாசித்தேன். கோப்பு அழிவது ஒரு பக்கம். எங்கள் பக்கத்தில் அதைவிடப் பெரிய வினை, கணக்கே தன்னுடையதாக இல்லாமல் இருப்பது.

பாஸ்போர்ட் விண்ணப்பம், வெளிநாட்டு வேலை, பல்கலைக்கழக அனுமதி என்று எதற்கும் ஈமெயில் கேட்கிறார்கள். ஆட்கள் கடைக்கு வருவார்கள். கடைக்காரர் ஒன்றைத் திறந்து கொடுப்பார். பாஸ்வேர்ட் பெயரும் பிறந்த வருடமும். பாஸ்வேர்ட் மறந்தால் குறியீடு வருகிற மீட்பு எண் கடையின் எண். அன்றைக்கு வேலை முடிந்தது, சரி. பிறகு அந்த ஆள் ஸ்மார்ட்போன் வாங்கும்போது அதே கணக்கைத்தான் போடுவார். அதன் பிறகு தொடர்பு எண்கள், பிள்ளைகளின் படங்கள், அடையாள அட்டை, காணி உறுதி எல்லாம் தானாகவே அதற்குள் போய் விழும். வீட்டைக் கட்டி முடித்துவிட்டுச் சாவியை மேசனிடமே விட்டுவைத்த மாதிரி.

படுவான்கரைப் பக்கமிருந்து ஒரு அம்மா வந்தார். மகள் கத்தாரில். அம்மாவின் போன் வாவியில் விழுந்துவிட்டது. புதிய போனில் கணக்கைத் திறக்கப் பார்த்தால், பழைய எண்ணுக்குக் குறியீடு அனுப்புகிறோம் என்கிறது. அந்த எண் ஒரு கடையின் எண். கடை மூடி, சிம் வேறு யாரிடமோ போய்விட்டது. நானும் எனக்குத் தெரிந்த வழியெல்லாம் பார்த்தேன், கணக்கு திறக்கவே இல்லை. மகள் சின்ன வயதில் எடுத்த படங்கள் அதற்குள் பத்திரமாகத்தான் இருக்கின்றன. அந்த அம்மாவால்தான் பார்க்க முடியாது. அவர் போன பிறகு அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

அதன்பின் என் கடையில் சில வழக்கங்களை வைத்திருக்கிறேன். பாஸ்வேர்டை வாடிக்கையாளரே அடிக்க வேண்டும், நான் திரும்பிக்கொள்வேன். மீட்பு எண் அவர் வீட்டில் ஒருவருடையது. பாஸ்வேர்டோடு இன்னொரு குறியீடும் கேட்கிற இருபடிச் சரிபார்ப்பைப் போட்டு, கூகுள் தருகிற பத்து காப்புக் குறியீடுகளையும் அச்சடித்து, "உறுதியோட சேர்த்து வையுங்கோ" என்று கையில் கொடுக்கிறேன். ஒவ்வொன்றும் எட்டு இலக்கம், ஒரு முறைதான் வேலை செய்யும். போன் தொலைந்தாலும் அதை வைத்து உள்ளே போகலாம். அச்சடிக்கவென்று வாட்ஸ்அப்பில் அனுப்பும் அடையாள அட்டைப் படங்களைக் கடை பூட்டுமுன் அழித்துவிடுகிறேன். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதைச் செய்வேன். நம்பித்தானே அனுப்புகிறார்கள்.

இன்னொன்று. யாராவது தொலைபேசியில் கூப்பிட்டு, "உங்கள் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும், சொல்லுங்கோ" என்றால் வங்கி என்றாலும் பரிசு என்றாலும் சொல்ல வேண்டாம். வயதானவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது, சொல்லுவோம்.

ஒலுவில், பல்கலைக்கழக மாணவன்

அண்ணாமார் சொன்னது பெரிய இடங்களுக்கும் நடந்திருக்கிறது. 2023 ஆகஸ்டில் இலங்கை அரசின் கிளவுட்டை, இப்படிக் கோப்புகளைப் பூட்டிக் காசு கேட்கிற ரான்சம்வேர் தாக்கியது. அதோடு இணைந்திருந்த காப்புப் பிரதியும் பூட்டுப்பட்டது, வெளியே கழற்றி வைத்த பிரதி இருக்கவில்லை. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளில் மே 17 தொடக்கம் ஆகஸ்ட் 26 வரையான கடிதங்கள் போயின. தென்கொரியாவில் 2025 செப்டம்பர் 26ஆம் திகதி தேஜோன் நகரத்து அரச தரவு மையத்தில் பட்டரி தீப்பிடித்தது. அரச ஊழியர்கள் கோப்பு வைத்திருந்த ஜி-டிரைவ், 858 டெராபைட், மொத்தமாகச் சாம்பல். அளவு பெரிது என்று வேறிடத்தில் பிரதி எடுத்திருக்கவில்லை. கல்முனை நானா வியாழன் பின்னேரம் செய்கிற வேலையை அங்கே யாரும் செய்யவில்லை.

திருக்கோவில், ஆசிரியை

என் அப்பா காலமான பிறகு நடந்தது இது. காணி உறுதிகள், பழைய வரி ரசீதுகள், தன் தாய் தகப்பனின் படங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து தன் கணக்கில் வைத்திருந்தார், மிக ஒழுங்கானவர். பாஸ்வேர்ட் யாருக்கும் தெரியாது. அந்தியேட்டி முடிந்து எல்லோரும் போன பிறகு தம்பிதான் ஞாபகப்படுத்தினான், இரண்டு வருடம் பாவிக்காத கணக்கை கூகுள் அழிக்கலாம், 2023 டிசம்பரில் இருந்தே அது நடக்கிறது என்று. நல்லகாலம், அப்பாவின் போனில் கணக்கு திறந்தபடியே இருந்தது, போனைத் திறக்கிற இரகசிய எண் அம்மாவுக்குத் தெரியும். உடனே உட்கார்ந்து எல்லாவற்றையும் இறக்கி எடுத்தோம்.

செயலற்ற கணக்குக்கான அமைப்பு ஒன்று கூகுளில் இருக்கிறது. மூன்று மாதம் முதல் பதினெட்டு மாதம் வரை நாம் உள்ளே வராவிட்டால் யாருக்கு அறிவிக்க வேண்டும், எதைக் கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கலாம். பத்துப் பேர் வரை சேர்க்கலாம். அம்மாவின் கணக்கில் போட்டுவிட்டேன், என்னுடையதிலும். இதைப் பேசுவது அபசகுனம் என்று வீட்டில் முகம் சுளித்தார்கள், பரவாயில்லை.

ஸ்டூடியோ அண்ணாவிடம் ஒரு கேள்வி. டேட்டா குறைவாக இருக்கிறவர்கள் முதலில் எதை ஏற்ற வேண்டும்?

கல்லடி, ஸ்டூடியோ

டீச்சர், முதலில் உறுதி, பிறப்பு, இறப்பு, விவாகச் சான்றிதழ்கள், கல்விச் சான்றிதழ்கள். ஒரு குடும்பத்தின் எல்லாம் சேர்த்தாலும் சில பத்து எம்பிதான் வரும். ஆனால் இவை வேறு ஆள் கையில் போனால் ஆபத்து என்பதால் அப்படியே போடாதீர்கள். கிரிப்டோமேட்டர் என்று ஒரு திறந்தமூலச் செயலி இருக்கிறது. கோப்பைப் பூட்டிய பிறகுதான் அது கிளவுட்டுக்கு அனுப்பும், கூகுளாலும் திறந்து வாசிக்க முடியாது. அதன் பாஸ்வேர்டை மறந்தால் யாராலும் எடுத்துத் தர முடியாது. ஆகவே அதைத் தாளில் எழுதி, களுவாஞ்சிகுடித் தம்பி கொடுக்கிற குறியீட்டுத் தாளோடு வையுங்கள். வாட்ஸ்அப் காப்புப் பிரதிக்கும் இப்படிப் பூட்டுப் போடும் வசதி 2021 முதல் இருக்கிறது. அதற்கு அடுத்தது பழைய படங்கள், இறந்தவர்களின் படங்கள் முதலில். வீடியோ கடைசியில். அதற்கு ஹார்ட் டிஸ்க் போதும். கடற்கரையை விட்டுத் தள்ளி இருக்கிற ஒரு சொந்தக்காரர் வீட்டில் கொடுத்து வையுங்கள், வருடத்தில் ஒரு முறையாவது செருகித் திறந்து பாருங்கள்.