சுங்கத்தில் நிற்கும் மடிக்கணினி: விவரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம். காவேரிப்பட்டணத்திலிருந்து எழுதுகிறேன். சிங்கப்பூரில் இருக்கும் அக்கா மகன், 3 வருடம் பயன்படுத்திய தன் மடிக்கணினியை என் மகளுக்காகக் கூரியரில் அனுப்பினான். விவரச்சீட்டில் ‘அன்பளிப்பு, விலை இல்லை’ என்று எழுதியிருக்கிறான், புத்திசாலி! பெட்டி சென்னைச் சுங்கத்தில் நிற்கிறது. ஆதார் நகல் கொடுத்துவிட்டேன். இப்போது விலைக்குச் சான்று கேட்கிறார்கள்.

பொருளின் விலையோடு அனுப்பும் கட்டணமும் காப்பீடும் சேர்த்துத்தான் சுங்க வரி, அதன்மேல் ஐஜிஎஸ்டி (ஒருங்கிணைந்த சரக்கு, சேவை வரி) என்பது வரை புரிகிறது. கூரியரில் வரும் ஒரு மடிக்கணினிக்கு இறக்குமதி உரிமம் தேவையில்லை என்று மத்திய அரசின் 2023 ஆணை சொல்கிறது. ஆனால் பழையதென்றால் தனி அனுமதி வேண்டும் என்கிறார்களே, யாராவது வாங்கியிருக்கிறீர்களா? பழைய பொருளுக்கு விலையை எப்படிக் காட்டினீர்கள்?

பொங்கலுக்கு வந்தபோது அவனே கையோடு கொண்டுவந்திருந்தால், 18 வயது நிரம்பிய பயணிக்கு ஒரு மடிக்கணினி வரியில்லாமலே வந்திருக்கும். கிருஷ்ணகிரி, ஓசூர் பக்கம் நம்பகமான சுங்க முகவர் இருந்தாலும் சொல்லுங்கள்.